வோய்வோதினாவின் அரசுத் தலைவர்கள்: பட்டியல் தொகுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது அறிவு ஆண்டு நூல் ஒன்றின் உலக நாடுகள் பகுதியைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். செர்பியாவின் வடக்கே, நோவி சாத் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வோய்வோதினா தன்னாட்சி மாகாணத்தின் அரசுத் தலைவர்கள் பட்டியலைப் புதிதாகச் சேர்ந்த மூவரிடம் இவ்வாண்டு ஒப்படைத்தேன். மூவரும் தனித்தனியாகவே வேலை செய்தார்கள். ஆனாலும் மூவரின் தாள்களிலும், நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தன. எழுத்துப் பிழை, ஆண்டு மாறிப்போதல் போன்றவற்றைத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார். அவர் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விடக்கூடிய தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1848இலிருந்து பட்டியலைத் தொடங்குதல்

வேண்டாம். அந்த ஆண்டு ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்சியில் கூடிய செர்பியர்கள் தேர்ந்தெடுத்த ஸ்டெவான் ஷுப்லிகாட்ஸ் ஒரு ‘வோய்வோதா’, அதாவது படைத்தலைவர். இன்றைய மாகாண அரசுக்கும் அவருடைய பதவிக்கும் தொடர்ச்சி இல்லை.

‘பான்’களைச் சேர்த்தல்

1929 முதல் 1941 வரை நோவி சாத்திலிருந்து ஆட்சி செய்த ‘பான்’கள், அன்றைய யூகோஸ்லாவியாவின் மாகாணங்களில் ஒன்றான டான்யூப் பானோவினாவின் ஆளுநர்கள். அந்தப் பானோவினாவின் எல்லைக்குள் கிராகுயேவட்ஸ் நகரமும் இருந்தது. இன்றைய வோய்வோதினாவில் அது இல்லை. அவர்களுக்காகக் கட்டப்பட்ட பானோவினா மாளிகையில்தான் இப்போது மாகாண அரசு இயங்குகிறது என்பதால் குழப்பம் வருகிறது. கட்டடம் ஒன்றாக இருந்தாலும் பதவி வேறு.

எல்லா ‘பிரெட்செட்னிக்’கையும் ஒருவராகக் கொள்ளுதல்

இன்றளவும் என் மனத்தை உறுத்தும் தவறு இதுதான். ‘பிரெட்செட்னிக்’ என்ற செர்பியச் சொல்லுக்கு ‘முன்னே அமர்பவர்’ என்பது வேர்ப்பொருள். மன்றத்துக்குத் தலைமை ஏற்பவரும் பிரெட்செட்னிக், அரசுக்குத் தலைமை ஏற்பவரும் பிரெட்செட்னிக், கட்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்பவரும் பிரெட்செட்னிக். யூகோஸ்லாவியாவின் 1974ஆம் ஆண்டு அரசமைப்பின் கீழ் வோய்வோதினாவில் ஒரே நேரத்தில் நான்கு முதன்மையான பிரெட்செட்னிக்குகள் இருந்தார்கள்: மாகாணத் தலைமைக் குழுவுக்கு ஒருவர், சட்டமன்றத்துக்கு ஒருவர், நிர்வாக மன்றத்துக்கு ஒருவர், கம்யூனிஸ்ட் கட்சியின் மாகாணக் குழுவுக்கு ஒருவர். அரசுத் தலைவர் என்று பட்டியலில் ஏற வேண்டியவர் நிர்வாக மன்றத்தின் தலைவர் மட்டுமே.

நான் சறுக்கியது 2000ஆம் ஆண்டுக்கான வரிசையில். அந்த அக்டோபரில் யூகோஸ்லாவியக் குடியரசுத் தலைவர் மிலோஷெவிச்சின் ஆட்சி வீழ்ந்த பிறகு, வோய்வோதினாவின் தன்னாட்சிக்காக உரத்துக் குரல் கொடுத்த நெனாத் சானக்கின் பெயர் எல்லாச் செய்திகளிலும் அடிபட்டது. அவர் பெயருக்கு முன்னால் பிரெட்செட்னிக் என்று இருந்தது. பின்னால் இருந்த சொல்லை நான் படிக்கவில்லை. ‘அரசுத் தலைவர், 2000–2004: நெனாத் சானக்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். உண்மையில் அவர் அந்த ஆண்டுகளில் சட்டமன்றத்தின் தலைவர். நிர்வாக மன்றத்தின் தலைவராக இருந்தவர் அதிகம் பேசப்படாத ஜோர்ஜெ ஜூகிச்.

நூல் அச்சாகி, கட்டுக்கட்டாக அடுக்கிய பிறகுதான் பிழை தெரிந்தது. ஜூகிச்சின் பெயரைச் சிறு துண்டுத் தாள்களில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியாகப் பிரித்து, பழைய வரியின் மேல் பசை தடவி ஒட்டினோம். பசை அதிகமான பிரதிகளில் எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழிந்தது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிற நூல் அது. துண்டு ஒட்டப்படாமல் சில பிரதிகள் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. அவற்றைப் படித்தவர்கள் தவறான விடையோடு தேர்வறைக்குப் போயிருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

ஆகவே, பிரெட்செட்னிக்கிற்கு அடுத்து வரும் சொல்லைப் படியுங்கள். ‘ஸ்குப்ஷ்டினே’ என்று வந்தால் சட்டமன்றம். ‘பிரெட்செட்னிஷ்த்வா’ என்று வந்தால் தலைமைக் குழு. ‘இஸ்வர்ஷ்னோக் வேச்சா’ என்றோ ‘விளாதே’ என்றோ வந்தால் மட்டுமே அவர் உங்கள் பட்டியலுக்கு உரியவர். 1988 அக்டோபரில் மக்கள் மாகாணத் தலைமையின் கட்டடத்தின் மீது தயிர்ப் பொட்டலங்களை வீசிய ‘தயிர்ப் புரட்சி’யில் பதவி விலகிய மிலோவான் ஷோகரோவை, இவ்வாண்டு ஒரு தம்பி அரசுத் தலைவர் என்று எழுதியிருந்தார். ஷோகரோவ் கட்சியின் மாகாணக் குழுத் தலைவர். அதேபோல், 2012 முதல் 2023இல் இறக்கும்வரை சட்டமன்றத் தலைவராக இருந்த ஹங்கேரிய இனத்தவரான இஷ்ட்வான் பாஸ்டோரை வேறொருவர், 2016 வரை அரசுத் தலைவராக இருந்த போயான் பாய்டிச்சுக்குப் பின் வந்த அரசுத் தலைவராக ஆக்கியிருந்தார். இருவரும் வேறு வேறு நாற்காலிகளில் ஒரே காலத்தில் அமர்ந்திருந்தவர்கள்.

பதவியின் பெயர் மாறியதும் ஆள் மாறியதாக எண்ணுதல்

பாய்டிச் 2004 அக்டோபர் 30 அன்று நிர்வாக மன்றத்தின் தலைவரானார். 2009இல் நடைமுறைக்கு வந்த மாகாணச் சாசனம் அந்த மன்றத்துக்கு ‘அரசு’ என்ற பெயரைத் தந்தது. செர்பிய அரசமைப்பு நீதிமன்றம் 2013இல் அச்சாசனத்தின் பல பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்ததால், 2014இல் புதிய சாசனம் வந்தது. அதன்பின் அது ‘மாகாண அரசு’ ஆயிற்று. இத்தனை மாற்றங்களின் ஊடாகவும் பாய்டிச்சே 2016 வரை தொடர்ந்தார். அவருக்கு ஒரே வரிதான்; பதவிப் பெயரின் மாற்றத்தை அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

முதலமைச்சர் என்று எழுதுதல்

வாசகருக்கு எளிதாகப் புரியும் என்று நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினேன். ஆனால் வோய்வோதினா அரசில் அமைச்சர்களே இல்லை. துறைகளைக் கவனிப்பவர்கள் மாகாணச் செயலாளர்கள். அமைச்சர் இல்லாத இடத்தில் முதலமைச்சர் எப்படி வருவார்? தவிர, செர்பியா ஒற்றையாட்சி நாடு. ‘மாகாண அரசின் தலைவர்’ என்பதே சரி.

1990களை வெற்றிடமாக விடுதல்

மிலோஷெவிச் தன்னாட்சியின் அதிகாரங்களைப் பறித்தாரே ஒழிய, பதவியை ஒழிக்கவில்லை. நிர்வாக மன்றம் பெயரளவிலேனும் தொடர்ந்தது. அதன் தலைவராக இருந்த போஷ்கோ பெரோஷெவிச் 2000 மே 13 அன்று நோவி சாத் வேளாண் கண்காட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பத்தாண்டைக் கோடு போட்டு நிரப்பினால் அவருடைய பெயரே வரலாற்றிலிருந்து விழுந்துவிடும். பெரோஷெவிச்சுக்கு அடுத்த நாளே ஜூகிச் வந்ததாகவும் எழுதிவிடக் கூடாது. ஜூகிச் பதவியேற்றது அக்டோபரில்.

தேர்தல் நாளைப் பதவியேற்ற நாளாகக் கொள்ளுதல்

மக்கள் 120 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டமன்றம் அரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டுக்கும் இடையே மாதங்கள் கழியலாம். 2016 ஏப்ரல் 24 அன்று தேர்தல் நடந்தது. இகோர் மிரோவிச் ஜூன் 20 அன்றுதான் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020இல் நடந்த தேர்தலுக்குப் பிறகும் அவரே தொடர்ந்தார். அதற்கடுத்த தேர்தல் 2023 டிசம்பர் 17 அன்று நடந்தது. ஆனால் இப்பதவிக்கு வந்த முதல் பெண்ணான மாயா கோய்கோவிச் பொறுப்பேற்றது 2024 மே 8 அன்று. இடைப்பட்ட மாதங்களும் மிரோவிச்சின் கணக்கிலேயே சேரும்.

பெயர்களை ஆங்கில வழியே படித்தல்

‘கோஜ்கோவிக்’ அல்ல, கோய்கோவிச். ‘பஜ்டிக்’ அல்ல, பாய்டிச்.