பாயசத்தில் விழுந்த சாமந்தி: விடுமுறைக்கு வீடு கூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் செருப்புக் கணக்கு எகிறிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் தென்பெண்ணையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. நாத்தனார் குடும்பம் பெங்களூரிலிருந்து வரும், கொழுந்தனார் குடும்பம் ஓசூரிலிருந்து வரும். சிறிசும் பெரிசுமாகப் பதினான்கு பேர். மருமகளாக வந்த நாளிலிருந்து இந்தப் பந்தி என் பொறுப்பு. அதனால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி நானே செய்தவை.

முதலில் சாமந்தி. மாரியம்மன் பண்டிகைக்கு எல்லோரும் வந்திருந்த சமயம், புதிதாக வாங்கிய சாப்பாட்டு மேஜையை அலங்கரிக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. நடுவில் பித்தளை உருளி, அதில் தண்ணீர், மிதக்கும் விளக்கு, சுற்றிலும் உதிர்த்த சாமந்தியும் ரோஜா இதழும். போட்டோவில் பிரமாதமாக வந்தது. அப்புறம் யாரோ மின்விசிறியை ஐந்தில் வைத்தார்கள். விளக்கு அணைந்தது, இதழ் பறந்தது. கொழுந்தனார் பாயசத்தை வாயில் வைத்துவிட்டு, “என்னங்க அண்ணி, பாயசத்துல வெங்காயம் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். மாமியார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இலை போடற எடத்துல பூ எதுக்கு?”

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் மேஜை ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். நல்ல நுனி இலை ஒன்று ஏறக்குறைய இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் பிடிக்கும். ஆக ஒரு பக்கத்துக்கு இரண்டு இலைதான் தாராளமாக விழும். மூன்றாவதைத் திணித்தால் ஒருவர் ரசம் அடுத்தவர் பொரியலுக்கு ஓடும். எதிரெதிரே இலை போட்ட பிறகு நடுவில் மிஞ்சுவது ஓரடி. தண்ணீர்ச் சொம்புக்கும் நெய்க்கிண்ணத்துக்கும்கூட அதுதான் இடம். இலையை அளக்காமல் அலங்காரத்தைத் தொடங்குவதுதான் மூலத் தவறு. மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போடுவது அடுத்தது. இலைக்குப் பின்னால் ஆள் நடக்க வழியில்லை என்றால் எப்படிப் பரிமாறுவது?

இப்போதெல்லாம் பூவை வாசலிலும் சாமி அலமாரியிலும் மட்டும் வைக்கிறேன். சாப்பிடும் இடத்தில் பூ இருந்தே ஆகவேண்டும் என்றால் தொடுத்த சரமாக வையுங்கள், உதிரியாக வேண்டாம். மல்லியும் சம்பங்கியும் பக்கத்திலேயே வேண்டாம். அந்த வாசனையில் ரசத்தின் மணம் அடிபட்டுப் போகும். தரையில் பந்தி என்றால் இலை ஓரத்தில் கலர்ப்பொடிக் கோலம் போடாதீர்கள். நாலு பேர் நடந்தால் பொடி இலைக்கு வந்துவிடும். அரிசி மாவைக் கரைத்து முந்தின நாளே மாக்கோலம் போட்டுக் காயவிட்டால் பறக்காது.

மேஜை அழுக்காகாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாளை உருட்டி விரிப்பது இன்னும் பல வீட்டு விசேஷங்களில் நடக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் அந்தத் தாளும் இருக்கிறது. தடை இருக்கட்டும், மே மாத வெயிலில் முழங்கை அதில் ஒட்டிக்கொண்டு வரும் சத்தமே போதும் எனக்கு.

இன்னொன்று, மாந்தோப்புக்கு நடுவில் குடியிருந்துகொண்டு கடையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வாங்குவது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நாங்களும் ஒரு வருடம் வாங்கினோம். பிள்ளைகளிடம் ஒரு கூடை மாவிலையும் ஈர்க்குச்சியும் கொடுத்துவிட்டால் ஒரு மத்தியானம் முழுக்கப் போன் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

சரி, இலைக்கு வருவோம். நுனி, சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும். அகலமான பக்கம் வலப்புறம் வந்தால் பிசைகிற கைக்கு இடம் கிடைக்கும். இதை மாற்றிப் போட்டுவிட்டு, பெரியவர்கள் முகம் சுளித்த பிறகு திருப்புவது வருடா வருடம் நடக்கும். இலையைத் துடைக்கும்போது நரம்பின் போக்கிலேயே துடைக்க வேண்டும், எதிராகத் தேய்த்தால் கிழியும். விசிறிக் காற்றில் வெற்று இலை பறக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உப்பையும் ஊறுகாயையும் உடனே வைத்துவிட்டால் அடங்கும். சாப்பிட்டு முடித்தால் இலையைத் தன் பக்கமாக மடிக்கவேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஆனால் இலை விஷயத்தில் நான் பெரிய தவறாக நினைப்பது வேறு. பிள்ளைகளுக்குத் தனியாக டிவி முன்னால் தட்டு வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுவது. வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பக்கத்தில் உட்காராத பிள்ளை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? பத்து வயதுப் பிள்ளைக்கு உப்பு வைக்கிற வேலையும் அப்பளம் போடுகிற வேலையும் தாராளமாகக் கொடுக்கலாம். சூடான சாம்பார் வாளியை மட்டும் கொடுக்காதீர்கள்.

விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று களியை ஒளித்துவைப்பதும் எங்கள் பக்கத்துப் பழக்கம். மூன்று நாளும் பிரியாணி, பரோட்டா. கிளம்பும் அன்று நாத்தனார், “அண்ணி, ஒரு வேளைகூட களி போடலையே” என்று குறைப்பட்டுக்கொண்டார். ஊருக்கு வருகிறவர்கள் தேடுவது கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான். அதை மட்டும் இலையில் வைக்காதீர்கள். உருண்டை நிற்காது, குழம்பு ஓடும். தட்டில் வைத்து நடுவில் குழி செய்து குழம்பு ஊற்றினால்தான் சரிப்படும்.

மாம்பழ அவசரத்துக்கும் ஒரு வார்த்தை. லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது எல்லா மாம்பழமும் கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மாங்காய்க்கு நம் லீவு தெரியாது. செந்தூரா முன்னால் வரும், மல்கோவா பின்னால், நீலம் கடைசியில். ஏப்ரல் தொடக்கத்திலேயே தளதளவென்று மஞ்சளாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. வீட்டிலேயே பழுக்கவைக்க வைக்கோல் போதும். ஏற்கெனவே பழுத்த பழம் ஒன்றை உடன் வைத்தால், அது வெளியிடும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் பழுக்கவைக்கும்.

பிள்ளைகள் மரத்திலிருந்து பறித்து அப்படியே கடிப்பதைப் பார்த்து ரசிக்காதீர்கள். காம்பில் வடியும் பால் பட்டால் உதட்டோரம் வெந்து புண்ணாகும். எங்கள் வீட்டில் ஒருத்தி ஒரு வாரம் மீசை முளைத்தவள்போலத் திரிந்தாள். கொஞ்சம் காம்போடு பறித்து, பிறகு காம்பை ஒடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடியவிட்டுக் கழுவிக் கொடுங்கள்.

ஒகேனக்கலுக்குப் போவதென்றால் கிளம்பும் முன் நீர்வரத்து விசாரியுங்கள். தண்ணீர் கூடினால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மீன் வறுவல் மட்டும் தின்றுவிட்டுத் திரும்பிய அனுபவம் உண்டு. ஊரில் பாரதக் கூத்து நடந்தால் பிள்ளைகளை ஒன்பது மணிக்கே படுக்கவைக்காதீர்கள். விடிய விடியப் பார்க்க முடியாவிட்டாலும், தரையில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்துக் கிடக்கும் படுகளத்தையாவது காட்டிவிடுங்கள்.

கடைசியாக, ஞாபகங்களைச் சேர்த்துவைக்கிற விஷயம். போனை முகத்துக்கு நேரே நீட்டி, “ஆயா, பழைய கதை சொல்லுங்க” என்றால் மாமியார் புடவையைச் சரிசெய்துகொண்டு, “என்னத்தச் சொல்றது?” என்பார். அவ்வளவுதான். அவரையே புளி கொட்டை எடுக்கும்போது பிடியுங்கள். கை வேலை செய்தால் வாய் தானாகத் திறக்கும். முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு, போனை முறத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குரலை மட்டும் பதிவுசெய்தோம். தாத்தா போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு வாங்கப் போய் ஆட்டோடு திரும்பிய கதை அப்படித்தான் கிடைத்தது, நடுநடுவே புளியங்கொட்டை விழும் சத்தத்தோடு.

பழைய போட்டோக்களைப் பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், நாளடைவில் மஞ்சளாகிவிடும். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். மெல்லிய பென்சிலில், ஓரமாக, யார் யார் என்று எழுதுங்கள். அதுவும் பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே.

சமையல் குறிப்பு எழுதும்போது “இரண்டு டம்ளர் மாவு, ஒரு சொம்பு தண்ணி” என்று கேட்டு எழுதிவிட்டுப் போவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. எந்த டம்ளர்? மாமியாருடையது விளிம்பு நெளிந்த பழைய பித்தளை டம்ளர். என்னுடைய எவர்சில்வர் டம்ளரில் அதே கணக்கைப் போட்டபோது களி கட்டி தட்டியது. எந்தப் பாத்திரத்தில் அளக்கிறார்களோ அதிலேயே மாவை நிரப்பித் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நான் அடுத்த முறை நிறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போன மே மாதம் கிளம்பும்போது நாத்தனார், அம்மா ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்த டம்ளரைப் பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டார். இந்த வருடம் எங்கள் வீட்டுக் களி கொஞ்சம் இளகித்தான் வருகிறது.