ஆங்கிலேயப் பப்புக்கு வேடிக்கைப் பெயர் வைப்பது எப்படி?

இங்கிலாந்தின் பழைய பாணி பப்புகளுக்கு, அதாவது மதுக்கடைகளுக்கு, வேடிக்கைப் பெயர்களைக் கற்பனை செய்வது, காகிதமும் பேனாவும் இருந்தால் எவரும் ஆடக்கூடிய அருமையான சொல் விளையாட்டு. வாய்க்கு வந்ததையெல்லாம் சேர்த்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடாது. இப்படி ஒரு கடை உண்மையிலேயே இருக்கலாம் என்று கேட்பவர் ஒரு கணமாவது நம்ப வேண்டும்.

ஆகவே, முதலில் அசல் பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கடையை அடையாளம் காண்பதற்காக வாசலில் படம் வரைந்த பலகையைத் தொங்கவிட்டார்கள். 1393இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு, ஏல் என்னும் பீர் வகையை விற்கும் கடைகளுக்குப் பலகையைக் கட்டாயமாக்கினார். அவருடைய சின்னமான வெள்ளை மான்தான் இன்றும் பல ஊர்களில் காணப்படும் 'ஒயிட் ஹார்ட்'. 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், ஓக் மரத்தில் ஒளிந்து உயிர் தப்பியதன் நினைவாக 'ராயல் ஓக்' வந்தது. புதியவர்களுக்கு இரண்டு அமைப்புகள் போதும்: 'ரெட் லயன்' போல நிறமும் விலங்கும் சேர்வது ஒன்று, 'டாக் அண்ட் டக்' போல இரண்டைக் கோத்துச் சொல்வது மற்றொன்று.

கோத்துச் சொல்வதில் தொடங்குங்கள். காகிதத்தின் ஒரு பக்கத்தில் விலங்குகளையும் பதவிகளையும், மறுபக்கத்தில் வீட்டுப் பொருள்களையும் எழுதி, ஒரே ஒலியில் தொடங்கும் இரண்டை இணையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'தி பிஷப் அண்ட் பிஸ்கட்'. அதையே 'பிஷப் அண்ட் கேக்' என்று மாற்றினால் பாதிச் சுவை போய்விடுகிறது. கைப்பேசி, கணினி போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. அவை வந்தவுடன் பழமையின் மணம் கலைந்துவிடும்.

லண்டனில் 1979இல் டேவிட் புரூஸ் தொடங்கிய 'கூஸ் அண்ட் ஃபிர்கின்' என்ற பப், இரண்டைக் கோத்துச் சொல்லும் முறைக்கு நல்ல சான்று. ஃபிர்கின் என்பது ஒன்பது கேலன் பிடிக்கும் சிறிய பீப்பாய். அந்த ஒரு சொல்லை நிலையாக வைத்துக்கொண்டு 'ஃபெரட் அண்ட் ஃபிர்கின்' (ஃபெரட் என்பது கீரி போன்ற ஒரு விலங்கு) எனப் பல கடைகளுக்குப் பெயர் வைத்தார்கள்.

நிறமும் விலங்கும் சேரும் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். சிங்கத்தை அப்படியே விட்டுவிட்டு, சிவப்புக்குப் பதிலாகக் கவலையைச் சேர்த்தால் 'தி வரீட் லயன்' கிடைக்கிறது. இரண்டையும் மாற்றினால் கேட்பவருக்குப் பிடிமானம் இருக்காது.

அடுத்தது பலகைச் சோதனை. இதைத் தவறாமல் செய்ய வேண்டும், ஏனெனில் ஓவியமாக வரைய முடியாத பெயர் பப்புக்கு ஒட்டாது. பிஷப்பின் பலகையைப் பாருங்கள்: ஊதா அங்கி அணிந்தவர், கைகளைக் கூப்பியபடியே, தட்டில் மிஞ்சியிருக்கும் ஒற்றை பிஸ்கட்டை ஓரக்கண்ணால் பார்க்கிறார். இவ்வளவு தெளிவாகப் படம் தோன்றினால் பெயர் தேறிவிட்டது.

நீளம் உங்கள் விருப்பம். இங்கிலாந்தின் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஒரே ஊரில் 'தி ஓல்ட் தேர்ட்டீன்த் செஷயர் ஆஸ்ட்லி வாலண்டியர் ரைஃபிள்மேன் கார்ப்ஸ் இன்' என்ற நெடும்பெயரும், 'கியூ இன்' என்ற குறும்பெயரும் இருந்தன. ஆனாலும் தொடக்கத்தில் சுருக்கமே நல்லது.

கடைசியாக, பெயரை ஒரு வாக்கியத்தில் வைத்து உரக்கச் சொல்லிப் பாருங்கள்: "மாலை ஏழு மணிக்கு பிஷப் அண்ட் பிஸ்கட்டில் சந்திப்போம்." அன்றாடம் வருபவர்கள் அதை வெறும் 'பிஸ்கட்' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள் என்று தோன்றினால், தயங்காமல் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.