தோலில் பரவிய புற்றுநோய்ப் புண்: வீட்டில் மருந்து கட்டும் முறை

மார்பு, நுரையீரல், குடல், சிறுநீரகம் என உள்ளே தொடங்கிய புற்றுநோய் சிலருக்குத் தோலுக்கும் பரவும். பெண்களில் இது பெரும்பாலும் மார்புப் புற்றுநோயிலிருந்துதான் வரும். சத்திரசிகிச்சைத் தழும்பிலும் அதன் அக்கம்பக்கத்திலும் தலைப்படும். தலைத்தோலிலும் வரலாம். தொப்புளில் கல்லுப்போல முடிச்சு வந்தால் வயிறு, குடல், சூலகம், கணையம் எல்லாவற்றையும் பரிசோதிக்கவேண்டும். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் நோகா. அதுதான் வில்லங்கம். நோகாததைக் கொழுப்புக்கட்டி என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் செய்தவருக்குப் புதிதாக இறுகிய கட்டி தெரிந்தால், பத்து வருடம் கழிந்திருந்தாலும், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் கொப்பியோடு தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ யாழ் போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். தோலை விறைக்கவைத்து 3 - 4 மில்லிமீற்றர் அளவில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

கட்டி வெடித்துப் புண்ணாகிவிட்டால் வீட்டில் கட்டும் மருந்தால் அது ஆறாது. மணம், ஊனம் (புண்ணில் வடியும் நீர்), இரத்தம், நோவு இந்த நாலையும் அடக்கிவைப்பதே வேலை. புண்ணைச் சிறிதாக்குவது கதிர்ச் சிகிச்சையும் புற்றுநோய் மருந்தும்.

வைத்தியர் தந்த நோவு மருந்தைக் கட்டு மாற்ற அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம்வரை முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். 1 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து மூடி ஆறவிடுங்கள். இளஞ்சூடாகவே பாவியுங்கள், குளிர்ந்தால் புண் கடுக்கும். மிஞ்சியதை அடுத்த நாளுக்கு வைக்கவேண்டாம்.

பழைய கட்டை இழுத்துப் பிய்ப்பதுதான் இரத்தம் வருவதற்கு முதற் காரணம். ஒட்டிய இடத்தில் உப்புத்தண்ணீரை ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டால் தானாகவே கழன்று வரும். பிறகு ஊசி கழற்றிய 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் மெதுவாகப் பீச்சிக் கழுவுங்கள். பஞ்சால் தேய்க்கவேண்டாம்: நார் ஒட்டும், இரத்தமும் கசியும். மஞ்சள், சாம்பல், பச்சிலை எதுவும் வேண்டாம். ஐதரசன் பெரொட்சைட்டு நல்ல தசையையும் எரிக்கும்.

மணம் வருவது இறந்த தசையில் காற்றில்லாமல் வாழும் பக்ரீரியாக்களால். அதற்கு நல்ல மருந்து மெற்றோனிடசோல். வைத்தியரைக் கேட்டு, 200 அல்லது 400 மில்லிகிராம் குளிசையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாவாகப் பொடித்து, புண் மூடும் அளவுக்கு மெல்லிதாகத் தூவுங்கள். கட்டிகட்டியாக விழுந்தால் கரையாமல் அப்படியே கிடக்கும். அதே குளிசையை வாயாலும் தந்திருந்தால் கள்ளும் சாராயமும் கூடாது. கட்டிலுக்குக் கீழே தட்டு நிறையச் சிரட்டைக்கரி வைத்தாலும் அறையில் மணம் குறையும். சாம்பிராணி போட்டு மறைக்கப் பார்த்தால் இரண்டு மணமும் கலந்து நோயாளிக்குச் சத்திதான் வரும்.

மேலே வசிலீன் தடவிய கோஸ், அதன்மேல் ஊனம் உறிஞ்சத் தடிப்பான துணி. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, பத்து நிமிடம் அவித்து, வெயிலில் காயவைத்து, அயன் பண்ணினால் போதும். சுற்றியுள்ள நல்ல தோலில் வசிலீனோ சிங்க் கிறீமோ பூசாவிட்டால் ஊனம் பட்டு அதுவும் உரிந்துவிடும். பிளாஸ்ரர் ஒட்டவேண்டாம், மார்பென்றால் இறுக்கமான பருத்திப் பெனியன் கட்டைத் தாங்கிப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு தரம், நனைந்தால் இரண்டு தரம் மாற்றுங்கள். பனம்பழம் விழும் காலத்தில் இலையான் மொய்க்கும், பகலிலும் நுளம்பு வலை வேண்டும். புழு தெரிந்தால் வீட்டில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இரத்தம் கசிந்தால் நனைத்த கோஸை வைத்து 10 - 15 நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள். பெரிதாக இரத்தம் போகக்கூடிய புண் என்று வைத்தியர் சொல்லியிருந்தால், சிவப்போ கறுப்போ ஒரு துவாயைக் கட்டிலருகில் வையுங்கள். வெள்ளைத் துணியில் இரத்தத்தைப் பார்த்தாலே நோயாளி பதறுவார். நிற்காவிட்டால் அழுத்திய கையை எடுக்காமல், பக்கத்தில் நிற்பவரை 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லுங்கள்.