தரநிலையின் எண்ணை நீங்கள் எழுதுங்கள், மேற்கோளைக் கருவி எழுதட்டும்

தொழில்நுட்ப ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒன்று கைக்கு வந்ததும் நேரே சான்றுப் பட்டியலுக்குத்தான் போவேன். அதில் சுட்டிய தரநிலையின் தலைப்பு ஒரு பதிப்புடையதாகவும் ஆண்டு இன்னொரு பதிப்புடையதாகவும் இருந்தால், எழுதியவர் உண்மையில் எதைப் படித்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியை நம்பித்தான் இன்னொருவர் மென்பொருளையோ கருவியையோ கட்டப்போகிறார். அதனால் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: தரநிலையின் எண்ணைத் தவிர வேறு எதையும் கையால் தட்டாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் கருவி கொண்டுவரட்டும்.

முதலில், எண்ணை வெளியிட்டவர்கள் எழுதும் அதே வடிவில் எழுதுங்கள். பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 8601-1:2019 என்றால் பகுதி எண்ணும் ஆண்டும் சேர்த்து. இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி (RFC) ஆவண வரிசையில் இது இன்னும் சுலபம். ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் உண்டு, 10.17487 என்ற முன்னொட்டு, சாய்கோடு, பிறகு RFC என்ற எழுத்துகளும் எண்ணும். பழையவற்றுக்கு எண்ணை நான்கு இலக்கமாக்க வேண்டும். 791-ஐ 0791 என்று எழுதாவிட்டால் தேடல் எங்கும் போய்ச் சேராது.

கருவி எது என்பது நீங்கள் எதில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்எஃப்சி வரைவு என்றால் கிராம்டவுன்-ஆர்எஃப்சி என்ற கருவி. இரட்டை நெளிவு அடைப்புக்குள் ஆச்சரியக்குறியோ கேள்விக்குறியோ வைத்து எண்ணைப் போட்டால் போதும், பட்டியல் தானாக உருவாகும். வலைத் தரநிலை எழுதுகிறவர்களுக்கு பைக்‌ஷெட். அதில் இரட்டைச் சதுர அடைப்பு. இரண்டிலும் எண்ணுக்கு முன்னால் ஆச்சரியக்குறி வைத்தால் அது கட்டாயச் சான்று, அதாவது அதைப் படிக்காமல் உங்கள் ஆவணத்தைச் செயல்படுத்த முடியாது என்று பொருள். கிராம்டவுன்-ஆர்எஃப்சியில் கேள்விக்குறி வைத்தால் அது கூடுதல் விவரத்துக்கான சான்று. ஆச்சரியக்குறியை வைப்பதா வேண்டாமா என்பதை எந்தக் கருவியும் தீர்மானிக்காது. நீங்கள்தான் யோசிக்க வேண்டும். லேடெக்ஸ் என்ற ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதினால், டிஓஐ முகவரியிடம் அதன் சான்றுப் பட்டியல் வடிவமான பிப்டெக்ஸில் பதில் கேட்கலாம். ஐஎஸ்ஓ, ஐஇசி, ஐட்ரிப்பிள்ஈ எனப் பல அமைப்புகளின் தரநிலைகள் கலந்து வரும் ஆவணத்துக்கு ரெலாட்டன் என்ற திறமூலக் கருவியைச் சொல்வேன். எண்ணைக் கொடுத்தால் விவரங்களைத் தேடி எடுத்து, பிப்டெக்ஸாகவும் தரும்.

இனி ஆண்டு விஷயம். சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. ஐஎஸ்ஓ வழக்கில் ஆண்டோடு சுட்டினால் அந்தப் பதிப்பு மட்டும். ஆண்டில்லாமல் சுட்டினால் திருத்தங்கள் உட்பட நடப்பில் இருக்கும் பதிப்பு. குறிப்பிட்ட பிரிவையோ அட்டவணையையோ சுட்டினால் ஆண்டு கட்டாயம், ஏனென்றால் அடுத்த பதிப்பில் பிரிவு எண் மாறிவிடலாம். ஆர்எஃப்சியில் வேறு மாதிரி. வெளியானபின் அதன் உரை மாறவே மாறாது. திருத்தம் என்றால் புது எண். ஜேசன் என்ற தரவு வடிவத்தையே பாருங்கள்: 2006-இல் 4627, 2014-இல் 7159, 2017-இல் 8259. எப்போதும் நடப்பில் இருப்பதைச் சுட்ட வேண்டுமென்றால் எஸ்டிடி 90 என்று எழுதலாம்; எஸ்டிடி என்பது முழுத் தரநிலையான ஆர்எஃப்சிகளுக்குத் தரும் நிலையான எண். சிறந்த நடைமுறைகளைச் சொல்லும் ஆர்எஃப்சிகளுக்கான பிசிபி எண்களும் அப்படித்தான். பிசிபி 14 என்றால் 2119, 8174 இரண்டும் சேர்ந்தது. 2119 விளக்கும், கட்டாயத்தைக் குறிக்கும் MUST போன்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று தெளிவாக்கியது 8174தான். 2119-ஐ மட்டும் சுட்டிவிட்டு நிறுத்துவது அரைகுறை வேலை.

காலாவதியான சான்றுகளைப் பிடிப்பதையும் தானியக்கமாக்குங்கள். ஆர்எஃப்சி பதிப்பகத்தின் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு ஜேசன் கோப்பு இருக்கிறது. எது இதை நீக்கியது, எது புதுப்பித்தது என்ற விவரம் அதில் வரும். ஒரு சின்ன நிரல் பட்டியலை அதனோடு ஒப்பிட்டு எச்சரித்தால் போதும். எண்ணைத் தானாக மாற்ற மட்டும் விடாதீர்கள். பழையதைச் சுட்டியதற்கு எழுதியவருக்குக் காரணம் இருக்கலாம்.

கருவி தரும் வரியையும் ஒருமுறை படியுங்கள். அமைப்பின் பெயர் ஆசிரியர் இடத்தில் வந்தால், பிப்டெக்ஸ் அதை மனிதரின் பெயராக நினைத்து முன்பெயர், பின்பெயர் என்று வெட்டிவிடும். பெயரை இன்னொரு நெளிவு அடைப்புக்குள் வையுங்கள். தலைப்பிலுள்ள சுருக்கப்பெயர்களுக்கும் அதே காப்பு வேண்டும், இல்லாவிட்டால் சில பாணிகளில் சிறிய எழுத்தாகிவிடும்.

அப்புறம், கொண்டுவந்த விவரங்களை ஆவணத்தின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்திலேயே சேமித்துவிடுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் ஆவணம் உருவாகும். புதுப்பிக்கும்போது எந்த வரி மாறியது என்பதும் கமிட்டில், அதாவது கிட்டின் மாற்றப் பதிவில், அப்படியே தெரியும், அதைப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம்.