பழைய மாருதி 800இல் பெட்ரோல் கோளாறு: டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை வரிசையாகப் பார்ப்பது எப்படி?

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும், அந்தக் காரை இன்னும் அன்றாடம் ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அதன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின் எளிமையானது. ஆயில் மாற்றிச் சூடேறாமல் பார்த்துக்கொண்டால் நெடுங்காலம் உழைக்கக்கூடியது. வயதான பிறகு அந்த வண்டியைப் படுத்துவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொண்டுசேர்க்கும் பாதைதான். காலையில் வெகுநேரம் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டியிருப்பது, சிக்னலில் நின்றதும் அணைந்துபோவது, மேடு ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறுவது, காருக்குள் பெட்ரோல் வாடை வீசுவது ஆகியவற்றில் எதைச் சொன்னாலும் பட்டறையில் “கார்புரேட்டர் போயிடுச்சு” என்ற தீர்ப்பே முதலில் வருகிறது. அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் என்பது பாதையின் கடைசி நிறுத்தம். அதற்கு முன்னால் இருக்கும் மூடி, டேங்க், ரப்பர் குழாய்கள், ஃபில்டர், பம்ப் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து முடித்த பிறகுதான் அதன்மேல் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிசையைத்தான் இங்கே விளக்குகிறேன். இது பெரும்பாலும் கார்புரேட்டர் மாடலுக்கானது. எம்பிஎஃப்ஐ மாடல் (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) வைத்திருப்பவர்களுக்கானதைப் பிற்பகுதியில் தனியே சொல்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அது மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு படர்ந்து, சற்றுத் தள்ளி இருக்கும் பூஜை விளக்கையோ கேஸ் அடுப்பையோ போய்ச் சேரக்கூடும். எனவே மூடிய ஷெட்டிலோ சர்வீஸ் குழிக்குள்ளோ இந்த வேலையைச் செய்யாமல், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பொடி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். விழுங்குவதைவிட, அது நுரையீரலுக்குள் போய்விடுவதுதான் பேராபத்து.

அடுத்து, கோளாறு பெட்ரோலில்தானா, ஸ்பார்க்கிலா என்று பிரித்தறிய வேண்டும். சில தடவை ஸ்டார்ட்டர் அடித்தும் பிடிக்காத வண்டியின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது என்று பொருள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு. எஞ்சின் அணைந்திருக்கும்போது ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடியே ஆக்சிலரேட்டர் கேபிள் இணைந்திருக்கும் நெம்புகோலை விரலால் சட்டென்று திருப்புங்கள். உள்ளே மெல்லிய கம்பியாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டர் வரை பெட்ரோல் வந்திருக்கிறது என்று அறியலாம்; பீய்ச்சாவிட்டால் பின்னால் டேங்கை நோக்கித் தேடத் தொடங்கலாம்.

தேடலைச் செலவே இல்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வரும் வழி அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு திணறி நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும் வண்டியில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன் பின் வண்டி பிடித்துக்கொண்டால் கோளாறு மூடியிலோ ஆவிக் குழாயிலோ இருக்கிறது. பொருத்தமில்லாத மலிவு மூடியை வாங்கிப் போட்டதால் இந்தத் தொல்லை தொடங்கிய வண்டிகள் உண்டு.

பிறகு டேங்க். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கப்பட்டு, எப்போதும் கால் டேங்க் பெட்ரோலோடு நிற்கும் காரில், இரும்பு டேங்கின் மேல்பகுதி ஈரக் காற்றில் துருப்பிடித்து, அந்தத் துரு அடியில் சேர்கிறது. டேங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெயில் படாத இடத்தில் அசையாமல் வைத்து, அரை மணி கழித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் அது துரு. மேலே இருப்பதிலிருந்து தெளிவாகப் பிரிந்து ஓர் அடுக்கு நின்றால் அது தண்ணீர். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், உள்ளே புகுந்த தண்ணீர் ஓரளவு வரை எத்தனாலோடு கலந்து மறைந்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் இழுப்பது அந்த அடி அடுக்கைத்தான். அப்படிப் பிரிந்துபோன பெட்ரோலின்மேல் புதுப் பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்க முயலாமல் முழுவதையும் வடித்துவிட வேண்டும். துரு மிகுதியாக இருந்தால் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், ஓட்டை விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்க மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே எஞ்சியிருக்கும் ஆவி தீப்பிடித்து டேங்க் வெடித்துவிடும்.

ரப்பர் குழாய்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்றைய நிலையில் பழைய கார்களின் பலவீனமே அங்குதான் இருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் அளவு 2022இல் 10 சதவீதத்தை எட்டி, 2025இல் 20 சதவீதமாகிவிட்டது. பத்திருபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ரப்பர் இந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. சில குழாய்கள் ஊறிப் பருத்து மெத்தென்று ஆகிவிடுகின்றன. சில இறுகி வெடிக்கின்றன. பழைய ஹோஸ் ஒன்றை எடுத்து இரு விரல்களுக்கிடையே மடக்கிப் பாருங்கள். நேராக இருந்தபோது வழவழப்பாகத் தெரிந்த கருப்புத் தோலில், வளைவின் வெளிப்பக்கம் கோடைக் கண்மாயின் தரைபோலப் பாளம் பாளமாக விரிசல்கள் தெரியும். கிளிப் இறுக்கிய இடத்தில் கிளிப்பின் அச்சு அப்படியே பதிந்து, கழற்றிய பிறகும் மீளாமல் நிற்கும். அத்தகைய ஹோஸை அன்றே மாற்றிவிட வேண்டும்.

பலருக்கும் பிடிபடாத ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. கார்புரேட்டர் மாடலில் பம்ப் முன்னால், எஞ்சினோடு சேர்ந்து இருக்கிறது. பெட்ரோலை அது டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் எடுக்கிறது. ஆகவே டேங்குக்கும் பம்புக்கும் இடையில் இருக்கும் குழாயில் மெல்லிய விரிசல் விழுந்தால், ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுபடும். கீழே ஒரு துளி ஈரம்கூட இருக்காது, வாடையும் இருக்காது. ஆனால் வண்டி “ஏர் பிடித்து” வேகத்தில் திணறும். எவ்வளவு டியூனிங் செய்தாலும் தீராத திணறலுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. எனவே கசிவு தெரியவில்லை என்பதைக் குழாய் நன்றாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். வயது தெரியாத குழாய் என்றால், டேங்கின் மேலே இருக்கும் இணைப்புத் துண்டு, உபரிப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயின் துண்டுகள் உட்பட எல்லா ரப்பரையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதே நல்லது. கடைக்குப் பழைய துண்டைக் கையோடு எடுத்துச் சென்று, அதே உள் விட்டமுள்ள, எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தர அடையாளம் மேலே அச்சிட்ட பெட்ரோல் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் சாதாரண பிளாஸ்டிக் டியூப் பெட்ரோலில் சில மாதங்களில் விறைத்து, சூட்டில் நழுவிவிடும். அது பெட்ரோல் பாதைக்கு உரியதல்ல. கட்டுக்கம்பி முறுக்கிக் கட்டுவதும் கூடாது, கிளிப்தான் போட வேண்டும். ரப்பருக்கு இடையில் ஓடும் இரும்புக் குழாயையும், குறிப்பாக அதைத் தாங்கும் பிடிப்புகளின் மறைவில், துருப்பிடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம். அதன்மேல் இருக்கும் அம்புக்குறி பெட்ரோல் ஓடும் திசையில், அதாவது பம்பை நோக்கி இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எத்தனால் மிகுந்த பெட்ரோல், டேங்கின் சுவர்களில் பல்லாண்டுகளாகப் படிந்திருந்த பிசினைக் கரைத்துக்கொண்டு வருவதால், புதிய ஃபில்டரும் விரைவில் அடைபடலாம். டேங்கைச் சுத்தம் செய்த வண்டியில் ஓரிரு மாதங்களில் மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.

பம்பைச் சோதிக்க, அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்பார்க் எழாதபடி இக்னிஷன் காயிலுக்கு வரும் சிறிய ஒயரைப் பிரித்துவிட்டு, பேட்டரியை மறுபடி இணைத்து, உதவிக்கு ஒருவரைச் சில விநாடிகள் ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் வலுவாகத் தெறிக்க வேண்டும். குமிழியும் நுரையுமாக வந்தால் பின்னால் எங்கோ காற்று இழுக்கிறது. ஒன்றுமே வராவிட்டால், பம்புக்கு வரும் குழாயைத் தனியே ஒரு சுத்தமான பெட்ரோல் பாட்டிலுக்குள் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது நன்றாகத் தெறித்தால் பம்ப் நலமாக இருக்கிறது, அடைப்பு டேங்குப் பக்கம் இருக்கிறது. பம்பின் உள்ளே அசைந்து பெட்ரோலை இழுக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய தகடு கிழிந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெட்ரோல், எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கத் தொடங்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி தெளிவாக அடித்து, ஆயில் மட்டமும் முன்பைவிட ஏறியிருந்தால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. பம்பை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்ந்து, சிறிது நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது மட்டும் அடம்பிடித்தால், பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் குளிர வைப்பது பழைய ஓட்டுநர்கள் கையாண்ட வழி; அது வேலை செய்யும், ஆனால் மருந்தல்ல. உபரிப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய் நசுங்கியோ அடைபட்டோ இருக்கிறதா, பெட்ரோல் ஹோஸ் சைலன்சர் குழாயின் அருகில் தொங்குகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். பெட்ரோல் வழிந்தாலும், புகை கருப்பாக வந்தாலும், மைலேஜ் திடீரென்று விழுந்தாலும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டும் (மிதவை) அது மூடித் திறக்கும் நீடில் வால்வும்தான் முதல் சந்தேகம். நீடிலின் கூம்பு முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் அது இனி மூடாது. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது (ஐடிலிங்) மட்டும் எஞ்சின் அணைந்துபோய், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் ஓடுகிறது என்றால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையான ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது சாவியை அணைக்கும்போது பெட்ரோலை நிறுத்தும் சாலினாய்டு என்ற மின் வால்வு வேலை செய்யவில்லை. சாவியை ஆன் செய்யும்போது அந்த சாலினாய்டு “டிக்” என்று ஒலிக்க வேண்டும். ஜெட்டுகளை கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் கொண்டு மட்டுமே சுத்தம் செய்யுங்கள். கம்பி நுழைத்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கிட்டுத் துளைத்த வழி அகன்று, மைலேஜ் திரும்பவே வராது. ஃப்ளோட் அறையைத் திறக்கும்போது அடியில் வெண்மையான பொடி ஒட்டியிருந்தால் அது தண்ணீர் தங்கி உலோகத்தை அரித்ததன் அடையாளம். அப்போது மறுபடி டேங்கைப் பார்க்க வேண்டும்.

எத்தனால் கலவையில் கார்புரேட்டர் வண்டி சற்றே மெலிந்த கலவையில் ஓடும், ஏனென்றால் ஜெட்டின் அளவு மாறாததாலும் எத்தனாலுக்குக் குறைவான காற்றே தேவைப்படுவதாலும் காற்றின் விகிதம் மிகுந்துவிடுகிறது. காலையில் கொஞ்சம் கூடுதலாகச் சோக் தேவைப்படுவதும், மைலேஜ் சிறிது குறைவதும் இதனால்தான்; இவற்றைக் கோளாறாக எண்ணி மிக்சர் ஸ்குரூவை மனம்போலத் திருகாதீர்கள், அது ஐடிலிங்கை மட்டுமே மாற்றும்.

எம்பிஎஃப்ஐ மாடலில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. சாவியை ஆன் செய்தவுடன் பின்னிருக்கைப் பக்கம் ஓரிரு விநாடிகள் மெல்லிய முரலொலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்பைக் குறைசொல்லும் முன் ஃபியூஸையும் ரிலேவையும் பாருங்கள். அந்தப் பம்பைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் என்பதால், ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் அதன் ஆயுளைக் குறைக்கும். இதில் குழாய்க்குள் அழுத்தம் மிக அதிகம். பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்ட பிறகே எந்த இணைப்பையும் கழற்றலாம். இன்ஜெக்டர், பிரஷர் சோதனை போன்றவற்றுக்கு கேஜும் ஸ்கேனரும் வேண்டும், அவற்றைப் பட்டறையிடமே விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஏர் கிளீனரை மூடும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒற்றுங்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவு, எஞ்சின் நின்ற பிறகுதான் ஈரமாக வெளியே தெரியும். ரப்பர் புதிதாக இருப்பதால் முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கிளிப்புகளை ஒருமுறை கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கும்.