லைசென்ஸ் புதுப்பிப்புக் கடிதத்தைத் தோட்டத்துத் தபாலிலிருந்து மின்னஞ்சலுக்கு மாற்றுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் தோட்டத்தில் தபால்காரர் வீடு வீடாக வரமாட்டார். கடிதக் கட்டு தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே எழுத்தராக இருக்கும் கிராணி, ஆளைப் பார்க்கும்போது கொடுப்பார். நான் டவுனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். எங்கள் பணிச் சான்றிதழ் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும்; செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. ஒரு வருடம் என் நினைவூட்டல் கடிதம் மூன்று வாரம் இழுப்பறையிலேயே கிடந்தது. “தங்கச்சி, உனக்கு ஒரு கடிதம் இருக்கும்மா” என்று கிராணி அண்ணன் நீட்டியபோது டிசம்பர் பாதி ஓடியிருந்தது. உறையின் மூலையில் தேநீர்க் கறை. அன்று பட்ட பதற்றம் இன்னொருவருக்கு வரக் கூடாது. நர்ஸ் ஆனாலும் சரி, வயரிங் வேலைக்குச் சான்றிதழ் வைத்திருப்பவர் ஆனாலும் சரி, வழி ஒன்றுதான்.

படி 1: உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல்

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வேலையிடத்து மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். வேலை மாறினால் அதுவும் போய்விடும். அண்ணன் மகன் திறந்து கொடுத்த கணக்கு என்றால் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜிமெயில் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கூகுள் அதை அழித்துவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் படங்களால் நிரம்பினாலும் புது அஞ்சல் உள்ளே வராது. கணக்கில் பதிந்த கைபேசி எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். டாப்-அப் செய்யாமல் பழைய பிரிபெய்டு எண்ணை விட்டுவிட்டால், கடவுச்சொல் மறந்த அன்று திண்டாட்டம்தான்.

படி 2: பழைய கடிதத்தை எடுத்து வையுங்கள்

பதிவு எண் அதில் இருக்கும்; மலாயில் ‘நோம்போர் பெண்டாஃப்தாரான்’ என்று போட்டிருப்பார்கள். ஐசியும் (அடையாள அட்டை) பக்கத்தில் இருக்கட்டும்.

படி 3: முகவரியை மாற்றுங்கள்

உங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வாரியத்தின் இணையதளத்தில் நுழைந்து ‘புரோஃபில்’ பகுதிக்குப் போங்கள். ‘கெமாஸ் கினி’ என்றால் திருத்துவது, ‘சிம்பான்’ என்றால் சேமிப்பது. மின்னஞ்சலை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; ஓர் எழுத்து விட்டாலும் அஞ்சல் உங்களுக்கு வராது. தபால் முகவரியை அழிக்காதீர்கள், அதுவும் இருக்கட்டும். அறிவிப்பை எதில் அனுப்பலாம் என்று கேட்டால் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். சேமித்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் மாற்ற வழியில்லை என்றால் பெயர், ஐசி எண், பதிவு எண், புது மின்னஞ்சல் நான்கையும் எழுதி வாரியத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

படி 4: அஞ்சல் வருகிறதா என்று பாருங்கள்

உறுதிப்படுத்தும் அஞ்சல் வந்தால் அதைத் திறந்து முடியுங்கள். காணோம் என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கே இருந்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று தட்டி, அனுப்பிய முகவரியைத் தொடர்புகளில் சேருங்கள். அப்புறம் கைபேசி நாள்காட்டியில் நீங்களே இரண்டு நினைவூட்டல் போடுங்கள். நான் அக்டோபர் முதல் தேதிக்கும் நவம்பர் முதல் தேதிக்கும் போட்டிருக்கிறேன். அறிவிப்பு வராவிட்டாலும் புதுப்பிக்க வேண்டியது நம் பொறுப்புதான்.

படி 5: போலி அஞ்சல்

“லைசென்ஸ் ரத்தாகிவிடும், உடனே பணம் கட்டு” என்று இணைப்போடு வந்தால் அதைத் தட்டாதீர்கள். வாரியத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். பணப் பரிமாற்றத்துக்கு வங்கி அனுப்பும் ரகசிய எண்ணான டிஏசியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் கட்டிவிட்டால் யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

படி 6: ஆபீசில் சொல்லி வையுங்கள்

முதல் வருடம் கடிதமும் வரலாம். கிராணி அண்ணனிடம் என் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, “அண்ணே, என் பேரில் எது வந்தாலும் ஒரு வாட்ஸாப் போடுங்க” என்றேன். சீட்டை அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறார்.