பாசி வைத்த நுண்ணுயிர் மின்கலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் நுண்ணுயிர் எரிபொருள் கலத்தில் பாசியைச் சேர்ப்பது முக்கியமாக ஆக்சிஜனுக்காகத்தான். எலக்ட்ரான்களைச் சேகரிக்கும் மின்முனையான ஆனோடு இருக்கும் அறையில் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று எலக்ட்ரான்களை விடுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியாக அடுத்த அறையின் மின்முனையான கேத்தோடுக்கு வரும்போது, வாங்கிக்கொள்ள அங்கே ஆக்சிஜன் இருக்க வேண்டும். பம்ப் வைத்துக் காற்று ஊதினால், கலம் தருவதைவிட பம்ப் இழுக்கும் மின்சாரம்தான் அதிகம். குளோரெல்லா பாசி அந்த வேலையை வெயிலிலேயே முடித்துவிடும்.

சரி, எங்கே கெடுகிறது? முதலில், வெளிச்சம் இரண்டு அறையிலும் விழுவதில். ஆனோடு பக்கம் வெயில் பட்டால் அங்கும் பாசி பிடிக்கும். அது விடும் ஆக்சிஜனுக்கே பாக்டீரியா எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், கம்பிக்கு எதுவும் வராது. அந்த அறையைக் கறுப்புத் துணியால் முழுக்க மூடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது செம்பு. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று செம்புத் தகட்டையோ கம்பியையோ தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்கள். மல்டிமீட்டர் உடனே நல்ல எண் காட்டும். அது உலோகம் அரிப்பதால் வரும் மின்சாரம், பாக்டீரியா கொடுத்தது அல்ல. குளத்துப் பாசியைக் கொல்லத் தூவுவதே காப்பர் சல்பேட்தான், ஆகவே குளோரெல்லாவும் செத்துப்போகும். கார்பன் துணியோ கிராஃபைட் கம்பியோ போதும். பக்கத்திலேயே பாக்டீரியா சேர்க்காத இன்னொரு கலத்தையும் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

அப்புறம், உச்சிவெயிலில் மட்டும் அளப்பது. இருட்டியதும் பாசியே ஆக்சிஜனை மூச்சாக இழுக்கும், மின்னழுத்தம் இறங்கும். ஒரு பகல், ஒரு இரவு முழுக்க, 1000 ஓம் மின்தடையை இணைத்தே குறித்து வையுங்கள். தர்மபுரி மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வைத்த சின்ன பாட்டில் கொதியாய்க் கொதிக்கும். குளோரெல்லாவுக்கு 25 முதல் 30 டிகிரிதான் இதம், அதனால் நிழல்வலை கட்டுங்கள்.

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைக் கழுவுநீர் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. ஆனால் அப்படியே ஊற்றினால் சர்க்கரை புளித்து அமிலமாகிவிடும். தண்ணீர் கலந்து, பிஹெச் அளவை 7 பக்கம் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணை பச்சையாக இருக்கும் நாளில் அந்தத் தண்ணீரையே பாசியாக ஊற்ற ஆசை வரும். வேண்டாம். பாசியைத் தின்னும் நுண்பூச்சிகள் அதில் இருக்கும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சு நீலப்பச்சைப் பாசி இருந்தால் அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கல்லூரித் தாவரவியல் துறையில் கேட்டு, வளர்த்த குளோரெல்லா வாங்குவதே பாதுகாப்பு.

கடைசியாக, ஒரே கலத்தில் நேராக எல்இடி விளக்கை எரிக்கப் பார்ப்பது. 1000 ஓமில் 0.3 வோல்ட் வந்தால் கிடைப்பது 0.09 மில்லிவாட். சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் அளவில் வேண்டும். கலங்களை வரிசையாகக் கோத்தால், அதில் சோர்ந்த ஒன்றின் மின்முனை தலைகீழாக மாறி மற்றவற்றையும் இழுத்துவிடும். மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) கலங்களோடு தனித்தனியே மின்னேற்றி, பிறகு அவற்றை வரிசையாக இணைத்து விளக்கைச் சில நொடி மின்ன வைக்கலாம்.